சோயாச் சக்கை மோச்சி: ஒரே வீட்டில் இரண்டு தேவைகள்

பின்னணி

ஜப்பானின் நகானோ மாகாணத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. வீட்டில் மூன்று பேர். கணவர் எழுபதை நெருங்குகிறவர். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். மனைவி அவரைவிடச் சில வயது இளையவர். சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. கணவரின் தாயார் தொண்ணூறைக் கடந்தவர். நான் அதே ஊரில் குடியிருக்கிறேன். ஊர்ப் பொதுமன்றத்துச் சமையல் வகுப்பில், வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மையாரோடு பழக்கம் ஏற்பட்டது. உணவு அறிவியல் படித்தவள் என்பதால், உணவைப் பற்றி ஏதாவது சந்தேகம் என்றால் என்னிடம் கேட்பார். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நவம்பர் மாதப் பரிசோதனையில் கணவரின் சர்க்கரை முந்தைய முறையைவிடக் கூடியிருந்தது. மாவுச்சத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். ஆனால் அடுத்து வருவது புத்தாண்டு. ஜனவரி முதல் நாளில் ஜப்பானிய வீடுகளில் ஓசோனி என்னும் சூப்பில் மோச்சியைப் போட்டு உண்பார்கள். அந்தப் பகுதியில் சதுரமாக வெட்டிய மோச்சியைச் சுட்டுப் போடுவது வழக்கம். பசையரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் பண்டம் அது. 50 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் மாவுச்சத்து மட்டும் சுமார் 25 கிராம். நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கணவருக்கோ மோச்சி இல்லாத புத்தாண்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மனைவிக்கு வேறொரு கவலையும் இருந்தது. மாமியார் சில மாதங்களாகச் சாப்பாட்டுக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மோச்சி தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறும் முதியவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் செல்வது ஜப்பானில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கிறது. டோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுக்கிறது. பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். சூடான மோச்சி மென்மையாக இருக்கிறது; வாய்க்குள் போய்ச் சூடு குறையக் குறைய இறுகுகிறது, ஒட்டும் தன்மையும் கூடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கவலைக்கும் ஒரே மருந்தாக மனைவி கண்டது ஓகாரா மோச்சி. சோயாப் பாலைப் பிழிந்த பிறகு எஞ்சும் சக்கைதான் ஓகாரா. அந்தப் பாலைத் திரட்டிச் செய்யும் தோஃபுவை விற்கும் தெருமுனைக் கடைக்காரர் சக்கையைப் பை பையாகக் கொடுத்துவிடுவார். அந்த நாட்டில் தோஃபு செய்யுமிடங்களில் சேரும் சக்கை மலையளவு. மக்கள் சமைத்து உண்பது அதில் மிகச் சிறிய பங்கு. சக்கையைத் தொழிற்கழிவாகவே கருத வேண்டும் என்று 1999 மார்ச்சில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லியிருக்கிறது. அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டிய பொருளை ஒருவர் வாங்கிப் போகிறார் என்றால் கடைக்காரருக்கு நிம்மதிதான்.

ஜப்பானிய அரசின் உணவுச்சத்து அட்டவணைப்படி 100 கிராம் ஈரச் சக்கையில் நார்ச்சத்து 11.5 கிராம், புரதம் 6.1 கிராம். தூக்கி எறியும் பொருளில் இவ்வளவு சத்து என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. அந்த அம்மையாரின் ஆர்வத்தை நான் முழு மனதோடு ஆதரித்தேன்.

முதல் வாரங்களில் கண்டது

பலரும் செய்யும் அளவில்தான் அவர் தொடங்கினார்: சக்கை 100 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 60 கிராம், பால் 100 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பச்சையாகவே பிசைந்து, ஆறு வட்டங்களாகத் தட்டி, எண்ணெய் தடவிய வாணலியில் இரு பக்கமும் சிவக்க வாட்டுவார். பிறகு சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்னும் இனிப்பான சமையல் அரிசி மது மூன்றையும் ஊற்றிப் பளபளப்பாகப் புரட்டி எடுப்பார். நல்ல ருசி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. கணவர் மாலையில் நான்கு துண்டும் படுக்கும் முன் மீதி இரண்டும் சாப்பிட்டார். சக்கைதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம்.

சமையல் மேசையில் உட்கார்ந்து அவர்களோடு கணக்குப் போட்டேன். 100 கிராம் சக்கையில் நார்ச்சத்தைக் கழித்தால் மிஞ்சும் மாவுச்சத்து இரண்டு கிராமுக்குச் சற்று மேல். 60 கிராம் ஸ்டார்ச்சில் 49 கிராம். பாலில் சுமார் 5. ஆக 56 கிராம். மேலே ஊற்றிய இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி மிரினும் சேர்ந்து இன்னொரு 26 கிராம். மொத்தம் 82. இரண்டு அரிசி மோச்சியைச் சோயா சாஸில் தொட்டுச் சாப்பிட்டிருந்தால் 50 கிராமோடு முடிந்திருக்கும்.

கணவர் பென்சிலை வாங்கி மறுபடியும் தானே கூட்டிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசவில்லை.

இந்தப் பண்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சக்கையின் சத்தை மட்டும் சொல்லிவிட்டு ஸ்டார்ச்சைச் சொல்லாமல் விடுகிறார்கள். மோச்சி போன்ற இழுவையைத் தருவது சக்கை அல்ல, ஸ்டார்ச்தான். எவ்வளவு இழுவை வேண்டுமோ அவ்வளவு மாவுச்சத்தும் கூடவே வரும். நீரிழிவுக்காரர் வீட்டில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

வேறு சிலவும் அந்த நாட்களில் தெரியவந்தன. இரவு முழுவதும் அடுப்பு மேடையில் இருந்த சக்கைப் பை காலையில் புளித்த வாடை அடித்தது, கொட்டவேண்டியதாயிற்று. முக்கால் பங்கு ஈரம் உள்ள பொருள், வெளியில் வைத்தால் தாங்காது. வாங்கிய அன்றே குளிர்ப்பெட்டியில் வைப்பதும், மீதியைத் தட்டையான பொட்டலங்களாக உறைய வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதும் அதன் பிறகு வழக்கமாயின.

கடை விடுமுறை நாளொன்றில் அவர் வீட்டிலேயே சோயாவை ஊறவைத்து அரைத்துப் பாலைப் பிழிந்தார். கொதிக்க வைத்தது பாலை மட்டும்தான், சக்கை பச்சை. அதில் செய்த மோச்சி வெளியே நன்றாகச் சிவந்தது. உள்ளே விண்டு பார்த்தபோது வேகாத சோயாவின் வாடை. அன்றிரவு கணவருக்கு வயிறு உப்பிச் சரியான தூக்கமில்லை. திடீரென்று கூடிய நார்ச்சத்து காரணமாக இருக்கலாம், வேகாத சோயா காரணமாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ஆனால் பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு என்பதும், அதை நன்றாக வேகவைத்துத்தான் போக்க வேண்டும் என்பதும் உறுதி. ஜப்பானின் பெரும்பாலான தோஃபுக் கடைகளில் அரைத்த விழுதைக் கொதிக்க வைத்த பிறகே பிழிவதால் கடைச் சக்கை வெந்தது. ஒகினாவாவின் பழைய முறையில் பச்சையாகப் பிழிந்துவிட்டுப் பிறகுதான் காய்ச்சுவார்கள். அங்கே கிடைக்கும் சக்கையும் வீட்டில் பிழிந்த சக்கையும் பார்வைக்கு ஒன்றுதான். பிழிந்த முறையைக் கேட்டால்தான் தெரியும்.

புரையேறிய நாள்

டிசம்பர் முதல் பாதி. சக்கை மோச்சி அரிசி மோச்சியைப் போல ஒட்டாது, ஆகவே தாயாருக்கும் கொடுக்கலாம் என்று மனைவி நினைத்தார். கணக்குப் போட்ட பிறகு ஸ்டார்ச்சைப் பாதியாகக் குறைத்திருந்தார். சிறு சிறு துண்டாக வெட்டி, வறுத்த சோயா மாவையும் சர்க்கரையையும் தூவிக் கொடுத்தார். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன்.

முதல் துண்டைத் தாயார் வெகுநேரம் மென்றார். துண்டு உருண்டு சேரவில்லை, வாய்க்குள் உதிர்ந்தது. இரண்டாவது துண்டை வாயருகே கொண்டு போனபோது மூச்சை உள்ளே இழுத்தார். மேலே தூவியிருந்த மாவு மூச்சோடு போய்ப் புரையேறியது. முகம் சிவந்து இருமினார். குனிய வைத்தோம். இருமல் பலமாக இருந்ததால் தானே வெளியேற்றிவிட்டார். அதன் பிறகு தேநீர் ஒரு வாய் குடித்தார். பேசும்போது குரலில் நீர் தளும்பும் ஒலி கேட்டது. கன்னத்தின் உட்புறத்தில் சக்கைத் துகள்கள் அப்படியே ஒதுங்கியிருந்தன.

ஒட்டுவது மட்டும்தான் ஆபத்து என்று குடும்பம் நினைத்திருந்தது. விழுங்கும் வலு குறைந்தவருக்கு உதிர்வதும் ஆபத்துதான். சக்கையின் நார்ச்சத்தில் பெரும்பகுதி நீரில் கரையாதது. ஸ்டார்ச்சைக் குறைத்தால் துகள்களைப் பிணைத்து வைக்க எதுவும் இல்லை. உலர்ந்த துகள்கள் வாயெங்கும் பரவி, விழுங்கிய பிறகும் தொண்டையில் தங்கி, மூச்சுக்குழல் பக்கம் வழுக்கிப் போகலாம். ஸ்டார்ச்சைக் கூட்டினாலோ அரிசி மோச்சியின் பசைக்குத் திரும்பிவிடும். கணவருக்கு உதவுகிற மாற்றம் தாயாரின் ஆபத்தைக் கூட்டியது. எந்த அளவில் செய்தாலும் அந்த ஒரு பண்டம் இருவருக்கும் பொருந்தப் போவதில்லை.

எடுத்த முடிவுகள்

தாயாருக்கு மோச்சி வகை எதுவும் பரிசோதனை முடியும்வரை இல்லை என்பது அன்று மாலையே முடிவாயிற்று. தேநீருக்குப் பின் குரலில் ஈர ஒலி, சூப் குடிக்கும்போது இருமல், கன்னத்தில் உணவு தங்குவது, சாப்பாட்டு நேரம் நீள்வது ஆகியவற்றை மனைவி ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு வரும் செவிலியரிடம் கொடுத்தார். அவர் மூலமாக, விழுங்கலைச் சோதிக்கும் பயிற்சியாளர் அடுத்த வாரம் வந்து பார்த்தார். நாக்கால் நசுக்கக்கூடிய மென்மையும் ஈரமும் உள்ள உணவு சரி. ஒட்டுவதும் உதிர்வதும் பொடியாகப் பறப்பதும் கூடாது என்றார். மேல்தொண்டையில் ஒட்டிக்கொள்ளக்கூடியது என்பதால் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளும் வேண்டாம் என்றார். மோச்சிக்கு வழக்கமாகத் துணை சேர்ப்பவை வறுத்த சோயா மாவு, நோரி, இனிப்பான சோயா சாஸ் குழம்பு மூன்றும்தான். முதல் இரண்டும் விலக்கப்பட்டன. எஞ்சியது அந்தக் குழம்பு மட்டுமே.

இது எளிதில் ஏற்கப்படவில்லை. கணவரின் தம்பி தொலைபேசியில் கோபப்பட்டார். தொண்ணூறு வருடம் சாப்பிட்டவரிடமிருந்து இப்போது போய்ப் பிடுங்குவதா என்றார். தாயாரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு முதியவரின் விருப்பத்தைப் பாதுகாப்பின் பெயரால் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்று நானும் நம்புகிறேன். ஆனால் புரையேறியதைக் கண்ணால் பார்த்த மனைவி அசையவில்லை. தாயாரிடம் உட்கார்ந்து, மோச்சியில் எது வேண்டும் என்று கேட்டார். சுட்ட வாசனையும் அந்தக் குழம்பும் என்று பதில் வந்தது. அடுத்த வேலைக்கு வழி காட்டியது அந்தப் பதில்தான்.

மென்மையான தோஃபுவைச் சூடாக்கி, சிறு சதுரமாக வெட்டி, மேலே குழம்பு ஊற்றுவது என்று தீர்மானித்தார்கள். காய்ந்த வாணலியின் ஓரத்தில் சில துளி சோயா சாஸை விட்டு, அது பொரிந்து கருகும் தறுவாயில் சாறு ஊற்றி, ஸ்டார்ச் கரைசலால் கெட்டிப்படுத்தினார் மனைவி. அந்தக் கருகல் வாசனை வீடு முழுக்கப் பரவியது. பயிற்சியாளரிடம் காட்டி, கெட்டி போதும் என்று உறுதி செய்துகொண்டார்கள்.

கணவருக்கான மோச்சியில் மாவுச்சத்தைக் குறைத்தும் உதிராமல் செய்ய வேண்டியிருந்தது. இங்கே நம் கொழுக்கட்டை மாவு எனக்கு நினைவுக்கு வந்தது. பச்சை மாவைத் தட்டி வேகவைப்பதில்லை. கொதிநீரில் கிளறி, வெந்த மாவைத்தான் பிசைகிறோம், அதனால்தான் சொப்பு விரியாமல் நிற்கிறது. உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் 60 டிகிரியைத் தாண்டியதும் நீரை உறிஞ்சிப் பசையாகிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பசையை உண்டாக்கிவிட்டால் குறைந்த அளவே சக்கையைப் பிணைக்கப் போதும் என்று சொன்னேன். அதைச் செய்து பார்த்து அளவுகளைத் திருத்தியவர் மனைவி.

நிலைத்த செய்முறை

சக்கை 150 கிராம், ஸ்டார்ச் 30 கிராம், சர்க்கரை சேர்க்காத சோயாப் பால் 120 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. சக்கையை முதலில் உரலிலோ மிக்சியிலோ நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும்; நெருநெருப்பு பெரிதும் குறைகிறது. பிறகு எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் கரைத்து, மிதமான தீயில் மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். முதலில் தளர்ந்த கூழாக இருக்கும். திடீரென்று ஓரங்களில் திரண்டு, கரண்டியோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக் கிளறினால் கலவையின் வெண்மை மங்கி லேசான பளபளப்பு வரும். கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் ஈரக் கையால் பிசைந்து ஆறு வட்டங்களாகத் தட்டலாம். ஓரம் வெடிக்காது. சிறிது எண்ணெயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல வாட்டினால் போதும்.

பச்சையாகப் பிழிந்த சக்கை என்றால் ஸ்டார்ச் சேர்க்கும் முன் சோயாப் பாலோடு சற்று நீரும் விட்டுப் பத்து நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும்.

ஆறு துண்டுகளிலும் சேர்த்து மாவுச்சத்து சுமார் 32 கிராம். ஒரு துண்டுக்கு ஐந்து சொச்சம். நார்ச்சத்து துண்டுக்கு மூன்று கிராம் அளவில் வருகிறது. சர்க்கரைக் குழம்பை விட்டுவிட்டு, சூடாக இருக்கும்போதே சோயா சாஸைத் தூரிகையால் தடவி நோரியில் சுற்றுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஊற்றுவதற்கும் தடவுவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. உப்பைக் குறைக்கும் இயக்கம் பல பத்தாண்டுகளாக நடந்த மாகாணம் என்பதால் இதை அவர்களுக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

அரிசி மோச்சியைப் போல இது நீளாது. கடித்தால் மென்மையாக அறுபடும், பயறின் லேசான இனிப்பு தெரியும். மோச்சி என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான் என்று கணவர் சொன்னார். தனிப் பண்டமாக அவருக்குப் பிடித்திருந்தது.

புத்தாண்டும் அதன் பின்பும்

ஜனவரி முதல் நாள் கணவருடைய சூப்பில் உண்மையான அரிசி மோச்சியில் பாதித் துண்டு இருந்தது. சோறு இல்லாமல் அந்தப் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனை உணவியலாளர் முன்பே சம்மதித்திருந்தார். கூடவே இரண்டு சக்கை மோச்சி. தாயாருக்குத் தோஃபுவும் குழம்பும், கெட்டிப்படுத்திய சூப்பும். தோஃபுவில் பாதியைத்தான் சாப்பிட்டார். இது மோச்சி இல்லை என்று சொல்லிவிட்டு, குழம்பை மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இருமல் வரவில்லை. தம்பி அன்று வந்திருந்தார். தாயார் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிப்ரவரிப் பரிசோதனையில் கணவரின் சர்க்கரை சற்றுக் குறைந்திருந்தது. டிசம்பரில் மாத்திரையின் அளவையும் மருத்துவர் மாற்றியிருந்ததால் குறைந்ததற்குச் சக்கை மோச்சிதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. மாலையில் பிஸ்கட் தேடுவது நின்றது, மலச்சிக்கல் தளர்ந்தது என்று அவரே சொன்னார். தொடக்கத்தில் நாளுக்கு ஒன்றாகத் தொடங்கி இரண்டு வாரத்தில் இரண்டாக்கியதால் வயிற்று உப்புசம் திரும்பவில்லை. போதிய தண்ணீர் குடிப்பதும் அதோடு சேர்ந்தது.

மாற்ற வேண்டியவை

அந்த வீட்டில் சில ஒழுங்குகள் மாறிவிட்டன. புதுப் பண்டம் எதுவானாலும் முதலில் மொத்த மாவுச்சத்தைக் கூட்டி, துண்டுகளால் வகுத்து, அந்த எண்ணைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள அண்டை வீட்டுக்காரர் செய்முறை கேட்டபோது, சக்கையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதைச் சொல்லி, மருத்துவரைக் கேட்டுவிட்டு வரும்படி மனைவி அனுப்பினார். சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது அறவே ஆகாது என்பதையும் கேட்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். முதுகில் தட்டி அடைப்பை நீக்கும் முதலுதவியைக் கணவனும் மனைவியும் தீயணைப்பு நிலையத்து வகுப்பில் கற்றுக்கொண்டார்கள்.

முக்கியமான மாற்றம் காலத்தைப் பற்றியது. தாயாரின் சாப்பாட்டு நேரம் நீண்டது இலையுதிர் காலத்திலேயே தெரிந்திருந்தும், விழுங்கல் சோதனை டிசம்பர் நடுவில்தான் நடந்தது. புரையேறியிருக்காவிட்டால் அதுவும் நடந்திராது. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானில் பெரும்பாலான மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கும். மோச்சி அதிகம் உண்ணும் நாட்களும் அவைதான். அடுத்த சோதனைக்கு மனைவி அக்டோபரிலேயே நாள் குறித்துவிட்டார். தாயாரின் விழுங்கும் வலு அப்போது எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் அந்த ஆண்டின் ஓசோனியில் அவருக்கு என்ன போடுவது என்று முடிவு செய்வார்கள்.